திருடனின் வரி

நெஞ்சைப் பிளக்கும் அறுவை சிகிச்சைக்காக அண்ணன் சக்கர நாற்காலியில் காத்திருக்கிறான். மடியில் எங்கள் சின்ன வயது காமிக்ஸ். சேர்ந்து வாசிக்கையில் திருடனின் வசனம் என்றைக்கும் அவனுக்கு, துப்பறிபவளின் வசனம் எனக்கு. இந்தக் கட்டத்தில் ஓவியர் திருடனை வரையவில்லை. படிக்கட்டில் மடிந்து ஏறும் நிழலை மட்டும் கறுப்பு மையில் இழுத்துவிட்டிருக்கிறார். “ஆளையே காட்டல, அதான் பயமா இருக்கு பாரு,” என்கிறான், குதிகாலால் மிதிபலகையைத் தட்டிக்கொண்டே. “அறுபது வருஷமா நீதானே திருடன், உனக்கென்ன பயம்?” என்கிறேன். செவிலி வருகிறாள். புத்தகத்தை என் கையில் திணிக்கிறான். “என் வசனத்தை நீ படிச்சிடாத.” அவனை உள்ளே தள்ளிச் சென்றதும் கதவு சாத்திக்கொள்கிறது, மேலே சிவப்பு விளக்கு. உட்காருகிறேன், எழுகிறேன், மறுபடி உட்காருகிறேன். புத்தகத்தைப் பிரித்து, “யாரங்கே?” என்று என் வரியை மெல்ல வாசிக்கிறேன். நிழலுக்குப் பக்கத்திலேயே பதில் அச்சாகியிருக்கிறது. அதைக் கட்டைவிரலால் மூடிக்கொள்கிறேன்.