கழுகுக் கண்

"ஒரே ஒரு தடவை 'நல்லாயிருக்கு'ன்னு சொன்னா உன் வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும், அம்மா?"

மகள் கேட்டதற்கு அம்மா நிமிரக்கூட இல்லை. சமையல் மேடையில் தாள்களைப் பரப்பி, மூக்குக்கண்ணாடி போதாதென்று பூதக்கண்ணாடி ஒன்றையும் பிடித்துக்கொண்டு வரிவரியாக மேய்ந்துகொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. மகள்தான் ஓடிப்போய் அணைத்தாள்.

அம்மா ஓய்வு பெறும்வரை அச்சகத்தில் பிழை திருத்தியவள். அங்கே அவளுக்குப் பட்டப்பெயரே கழுகு. அப்பா கதை எழுதுகிறவர். அவருடைய முதல் கதையில், இரண்டாம் பக்கத்தில் செத்துப்போன ஆள் ஏழாம் பக்கத்தில் சாவகாசமாகக் காபி குடிப்பதைக் கண்டுபிடித்து, ஓரத்தில் பென்சிலால் பெரிய கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினாள். யாரடா அது என்று சண்டை போட வந்தவர் கல்யாணம் பண்ணிக்கொண்டுதான் ஓய்ந்தார். அன்றிலிருந்து அவர் எழுதுவதை முதலில் படிப்பவள் அவள்தான். அவள் வாயால் 'நல்லாயிருக்கு' என்று வராமல் ஒரு புத்தகமும் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

இப்போது அப்பாவின் தசைகள் ஒவ்வொன்றாக வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டன. அப்படிச் சொல்லிச் சிரிப்பதும் அவரேதான். கால் போயிற்று, இடது கை போயிற்று. பேச்சும் வலது ஆள்காட்டி விரலும்தான் மிச்சம். வைத்தியத்துக்குச் சொந்த வீட்டை விற்றுவிட்டு இந்த இரண்டு அறை மாடிக்கு வந்தாயிற்று. அந்த ஒற்றை விரலால் கைப்பேசியில் எழுத்தெழுத்தாகத் தட்டி, ஒரு நாவலையே எழுதிவிட்டார் மனுஷன். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த மகள், தெருமுனைக் கடையில் அச்செடுத்து அம்மாவிடம் கொடுப்பாள்.

எல்லாம் சரி, கடைசி அத்தியாயம்தான் தாண்டவே இல்லை. அம்மா ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு தப்பைப் பிடித்தாள். ஒரு முறை கதாநாயகன் சொந்தத் தங்கையை அக்கா என்று கூப்பிட்டான். இன்னொரு முறை, பூட்டிய கதவு சாவியில்லாமலே திறந்துகொண்டது. அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதாதாம்; அத்தியாயமே ஆட்டம் கண்டுவிட்டதாம், முழுக்கத் திரும்ப எழுத வேண்டுமாம். அப்பாவும் மறுபேச்சில்லாமல் விரலை நீட்டிவிடுவார். இப்படியெல்லாம் சறுக்குகிற ஆளே இல்லை அவர். மருந்துதான் மூளையை மந்தமாக்குகிறது என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

அம்மாமேல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. போன வாரம் வீட்டுக்கு வந்த டாக்டரிடம் அப்பா சொன்னதை அவளால் மறக்க முடியவில்லை. "அவ நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும் டாக்டர். நிம்மதியாப் போயிடுவேன்." அந்த ஒரு வார்த்தைக்காக அவர் எப்படி ஏங்கிக்கிடக்கிறார்! பக்கத்தில் நின்ற அம்மாவோ ஜன்னல் திரையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். இவளுக்குக் கல்மனசு என்று மகள் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

இன்றைக்கு விடுவதாக இல்லை. டாக்டரிடம் அப்பா சொன்னது காதில் விழுந்ததா இல்லையா என்று கேட்டேவிட்டாள்.

அம்மா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். "விழுந்துச்சு. நீ 'போதும்'னதைக் கேட்டே. நான் 'போயிடுவேன்'னதைக் கேட்டேன்."

மகள் அடுப்படியை விட்டு அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எழுத ஒரு பக்கம் பாக்கி இருக்கிற வரைக்கும் அவர் இருப்பார்டி. முடிச்சிட்டா அப்புறம் எதைப் பிடிச்சுக்கிட்டு இருப்பார்?" அம்மாவின் கண்களிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "இந்தத் தடவை ஒரு தப்புகூடக் கிடைக்கலை. காலையிலேருந்து தேடறேன். இல்லாத தப்பை இருக்குன்னு சொன்னா அவர் கண்டுபிடிச்சிடுவார். நான் என்னடி செய்வேன்?"

மகள் அவளைக் கட்டிக்கொண்டாள். இத்தனை நாள் கல்மனசு என்று திட்டியதை நினைக்க வெட்கமாக இருந்தது. இன்னும் ஒரே ஒரு மழைக்காலம், அப்பா ஜன்னலோரம் படுத்து வேடிக்கை பார்க்கிற மாதிரி ஒன்று, கிடைத்தால் போதுமென்று அவளுக்கும் ஏக்கமாக இருந்தது. அந்தத் தாள்களைப் பார்க்கவே இப்போது பயமாக இருந்தது.

உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார். மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். தலையணையில் சாய்ந்தபடி அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுகு என்ன சொல்லுது?"

அம்மா இன்னும் படித்துக்கொண்டிருப்பதாக மகள் சமாளித்தாள்.

"இன்னுமா கண்டுபிடிக்கலை?" அப்பாவின் முகம் வாடிப்போயிற்று. வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ரயில்லயே குடையைத் தொலைச்சவன் கடைசிப் பக்கத்துல அதே குடையை மடக்கி வைக்கறான். எப்பவும் போலத் தெரிஞ்சேதான் எழுதினேன். பாவம், அவளுக்குக் கண்ணு மங்குது போல. நீ சொன்னதாக் காட்டிக்காம, போய் லைட்டைப் போட்டு அந்தப் பக்கத்தை மேல எடுத்து வை."