வலி வந்ததும் கூப்பிடுங்க

"வலி வந்ததும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் கிளம்பினாள்.

"எனக்கு வலி வராது, சிஸ்டர்."

"எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க."

காலையில் பணி மாறி வந்தவள். சற்று முன்புதான் என் கோப்பைப் புரட்டி, என் கணவருக்கு விளக்கமும் சொன்னாள். பாராப்ளீஜியா என்றால் இடுப்புக்குக் கீழே அசைவும் கிடையாதாம், உணர்ச்சியும் கிடையாதாம். விபத்து நடந்த நாளிலிருந்து என்னைத் தூக்கி உட்கார வைக்கிற மனிதருக்கு இந்தப் பாடம்.

பொருள் அவளுக்கு அத்துப்படி. பிள்ளை பிறப்பதும் அந்த இடுப்புக்குக் கீழேதான் என்பது மட்டும் உறைக்கவில்லை.

பெரிய டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். வலி தெரியாது, வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே இருங்கள், கல் மாதிரி இறுகினால் அதுதான் வலி. ஆள் பார்க்காவிட்டால் பிள்ளை அது பாட்டுக்கு வந்துவிடும், அதற்கு மூச்சு முட்டினாலும் உங்களுக்குத் தெரியாது.

கையை வைத்திருந்தேன். இறுகியது. தளர்ந்தது. நான் மூச்சு விடுவதற்குள் மறுபடி இறுகியது.

கணவர் மணியை அழுத்தினார். நர்ஸ் கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டினாள்.

"வலிக்குதா?"

"இல்ல, ஆனா வயிறு..."

"அப்புறம் என்ன அவசரம்? பக்கத்து ரூம்ல ஒரு அம்மா துடிக்கிறாங்க."

போய்விட்டாள். எனக்கு உடம்பெல்லாம் பதறியது. எல்லாம் என்றால், பதறக்கூடிய பாதி.

கணவர் என் கைமேல் கை வைத்துப் பார்த்தார்.

"வலிக்குதுன்னு பொய் சொல்லுடி" என்றார்.

பொய் சொல்லத் தெரியாத மனிதர். எனக்கு வரும். தொண்டை கிழிய ஒரு அலறல் அலறினேன். அம்மா, அப்பா, ஐயோ, ஒன்றையும் விட்டு வைக்கவில்லை.

ஓடிவந்தவள் போர்வையைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே மண்டியிட்டு இரண்டு கைகளையும் ஏந்தினாள்.

"ஐயோ, தலை வந்திடுச்சு. காலை அசைக்காதீங்கம்மா, அசைக்கவே அசைக்காதீங்க."

கொஞ்சம் அசைத்துப் பாரேன் என்று எத்தனை பேர் இந்தக் காலைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார்கள். பயிற்சி கொடுத்தவர், அம்மா, இதோ நிற்கிற இவர். அசைக்காதே என்று சொன்ன முதல் ஆள் இவள்தான்.

"சரி சிஸ்டர், அசைக்கல" என்றேன்.

அதற்குள் பிள்ளை அழுதுவிட்டது.