அக்கா, ரெடியா?

ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தாள். மறுபடி மாட்டினாள். ஆல்பத்தின் பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

இல்லை.

டிரம்ஸ் குச்சிகள் தட்டுவதற்கு முன்னால் தம்பி ஜோயலின் குரல் வரவேண்டும். 'அக்கா, ரெடியா?' அதை மட்டும் தொடாதே என்று ரூபனிடம் கெஞ்சியிருந்தாள்.

"அந்தச் சத்தமா? எடுத்துட்டேன். நொய்ஸா இருந்துச்சு," என்றான் ரூபன். பேண்டை நடத்துகிறவன். மேடைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கிட்டார் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சத்தமாம்.

திரைக்கு அந்தப் பக்கம் கூட்டம் நெரிந்தது. ஆல்பம் வெளியீட்டு விழா. கரகரத்த கிரஞ்ச் கிட்டார், கிறுகிறுக்க வைக்கும் சைக்கடெலிக் துள்ளல், அதன் நடுவே இழவு வீட்டிலிருந்து வருவது போல் ஒரு பெண்குரல். அடடா, என்ன கலவை என்று கொண்டாடினார்கள். எப்படித் தோன்றியது என்று பேட்டியில் கேட்டார்கள். எல்லாம் பிளான் பண்ணிச் செய்ததுதான் என்றான் ரூபன், வாய் கூசாமல்.

பிளானாவது மண்ணாவது.

எல்லாமே குதித்துப் பாட வேண்டிய பாட்டுகள். ஜோயல் தன் டிரம்ஸை முதலில் வாசித்துப் பதிந்தான். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் அந்தக் கேள்வியையும் கேட்டு வைத்தான். சின்ன வயதிலிருந்தே அவன் கேட்காமல் அவள் பாடியதில்லை.

அடுத்த வாரம் அவள் பாடுவதாக இருந்தது. அதற்குள் அவன் பைக் மீது லாரி ஏறிவிட்டது.

கல்லறை மண் காயுமுன் அவளை மைக் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஸ்டூடியோ தேதியை மாற்ற முடியாதாம். ஹெட்போனில் அவன் கேட்டான், அதே குறும்போடு. அவள் பாடினாள்.

தொண்டை என்ன செய்யும், பாவம்.

திரை விலகியது.

புது டிரம்மர் குச்சிகளைத் தட்டினான்.

அவள் பாடவில்லை.

மறுபடி தட்டினான். கூட்டம் அடங்கிப்போனது. ரூபன் பல்லைக் கடித்துக்கொண்டு முறைத்தான்.

நாசமாய்ப் போனவன், கேட்கிற வாயையும் அடைத்துவிட்டானே.

கண்ணை மூடிக்கொண்டாள். மைக்கை உதட்டருகே இழுத்தாள்.

"ரெடிடா."

அரங்கமே விசிலடித்தது. தங்களிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பாடி முடித்தாள். எப்படிப் பாடினாள் என்று அவளுக்கே தெரியாது.

ரூபன் அவள் காதருகே குனிந்தான். முகமெல்லாம் பல்.

"அந்த 'ரெடிடா' செமயா எடுபட்டுச்சு. இனிமே எல்லா ஷோலயும் போட்டுரு."

அடுத்த பாட்டுக்குக் குச்சிகள் உயர்ந்தன.

அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் கூட்டம் முந்திக்கொண்டு கத்தியது: "ரெடிடா!"