நாற்பத்தொன்றாம் சாம்பிள்

"இதுலயும் பச்சை இல்ல மேடம்!"

டெக்னீஷியன் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். மூன்று முறை சோதனை செய்தாயிற்று. லேபின் தலைவியான மேடம் சாம்பிளில் ஒட்டியிருந்த எண்ணை மறுபடி பார்த்தாள்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு துப்புரவுத் துறை உண்டு. குப்பையைக் கரைக்கும் குட்டிக் குட்டிப் பைகள். அந்தப் பையின் சுவரில் உட்கார்ந்துகொண்டு, கரைந்த கழிவை வெளியே தள்ளுகிறது ஒரு புரதம். அதை உண்டாக்கும் மரபணு பழுதானால் புரதம் இல்லை. மூளையில் குப்பை சேரும். பிள்ளைக்கு முதலில் பார்வை போகும், பிறகு நடை, பிறகு பேச்சு. மருந்து என்று எதுவும் கிடையாது. புரதம் இருந்தால், சாயம் போட்டதும் பைகளின் ஓரம் பச்சையாக மின்னும்.

கண் மங்கிப்போன ஆறு வயதுச் சிறுமியின் செல்களில் பச்சை இல்லை. சரி, விதி என்று எழுதிக் கொடுத்துவிடலாம். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த, அதே வயது ஆரோக்கியமான பிள்ளையின் செல்களிலும் இல்லையே! சாம்பிளில் பெயர் எழுதக் கூடாது என்பது அங்கே விதி. ஒட்டியிருந்தது 'நாற்பத்தொன்று' என்ற எண் மட்டும். யார் பிள்ளை என்பது மேடத்துக்குத்தான் தெரியும்.

"சாயம்தான் சொதப்புது மேடம். அந்தப் பொண்ணோட அப்பா நாலு நாளா வராண்டாவுல நிக்கிறாரு. முகத்தைப் பார்க்க முடியல. சாயம் கெட்டிருந்தா, குழந்தைக்கு ஒண்ணுமில்லன்னுகூட ஆகலாம்ல?"

"உன் ரத்தத்தைப் போட்டுப் பாரு."

"ஊசின்னாலே எனக்கு உயிர் போயிடும்" என்று முனகிக்கொண்டே கையை நீட்டினாள்.

மாலையில் அவளுடைய செல்கள் பச்சைப் பசேலென்று மின்னின. சாயத்தில் ஒரு குறையும் இல்லை.

"போச்சு மேடம். வெளிய நிக்கிற மனுஷன்கிட்ட என்னன்னு சொல்றது?"

மேடம் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அப்போதுதான் டெக்னீஷியனுக்கு இன்னொன்று உறைத்தது. "ஐயோ... அப்ப அந்த நாற்பத்தொண்ணுக்கும் இதே கதிதானா? நல்லா ஓடியாடுற பிள்ளைன்னுதானே எடுத்தோம்! பாவம் மேடம், பெத்தவளுக்கு ஒண்ணுமே தெரியாது. யாராவது சொல்லியாகணும்."

"சொல்லியாச்சு."

"யாரு மேடம்? எப்போ?"

"நீதான். இப்பதான்."