இருபத்தொரு தப்படி

பத்தொன்பது வயதில் ஆலை அணிக்கு வந்தபோது செல்வின் இருபத்தொரு தப்படி ஓடிவந்து வேகப்பந்து வீசினான். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அது பதினைந்தாயிற்று. முப்பத்தாறு வயதான இந்த வருடம், ஒன்பது.

கடைசி ஓவருக்குப் பந்தைக் கொடுத்த கேப்டன் முகுந்தன், “வே, இதுல விக்கெட் விழுந்தாத்தான் அடுத்த மேட்சுக்கு உம்ம பேர நான் சொல்ல முடியும்” என்றான்.

எதிரே நின்ற மட்டையாளன் சிரித்தான். “அண்ணாச்சி, சுழல்பந்துதான? ஹெல்மெட்டக் கழட்டிரட்டுமா?”

“கெடக்கட்டும்ல. ஒன் மூஞ்சிக்கு அதான் நல்லாருக்கு.”

செல்வின் திரும்பி எண்ணியபடி நடந்தான். ஒன்பதாவது தப்படியில், ஷூ முனையால் காலையில் அவனே கிழித்திருந்த கோடு இருந்தது. அதைத் தாண்டினான். பதினைந்தில் முழங்கால் சுருக்கென்றது. தண்ணீர் குடிக்கப் போகிறான் என்றே நடுவர் நினைத்தார். இருபத்தொன்றில் நின்று, புதுக் கோடு கிழித்துத் திரும்பினான்.

ஸ்டம்பை ஒட்டிக் குனிந்திருந்த விக்கெட் கீப்பர் அன்சாரி அதைப் பார்த்தான். யாரும் சொல்லாமலே எழுந்து பின்னால் நடந்தான்.

செல்வின் ஓடத் தொடங்கினான். மட்டையாளன் ஒரு கணம் திரும்பிப் பார்த்தான். அன்சாரி இன்னும் பின்னால் போய்க்கொண்டிருந்தான்.