மாரிகுப்பத்து மணிப் பேய்

கைவிட்ட சுரங்கக் குழியான ஷாஃப்ட்டிலிருந்து தினமும் சாயங்காலம் மணி கேட்கிறது என்று மாரிகுப்பமே நடுங்கியது. மூன்று முறை அடிக்கும். சுரங்கம் ஓடிய காலத்தில், 'ஆட்கள் கேஜ் கூண்டில் ஏறியாச்சு, மேலே தூக்கு' என்பதற்கான மணி அது. செத்தவர்கள் மேலே வருகிறார்களாம். பக்கத்து மைதானத்தில் ஒரு பிள்ளைகூட விளையாடுவதில்லை.

பேய்க் கதைகளைப் பொய்யென்று காட்டி வீடியோ போடுவதுதான் இன்ஜினியர் ஏனோக்கின் ஞாயிற்றுக்கிழமை வேலை. போனில் லைவ் ஓட, ஷாஃப்ட் ஓரத்துப் புதரை விலக்கினான். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடித்துக்கொண்டிருந்தாள், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் தனியாக இருக்கும் இசபெல்லா.

"பாத்துக்கங்க ஜனங்களே, இதான் உங்க பேய்!"

அவள் முகத்தை மறைக்கவில்லை. "புள்ளைங்களும் பாத்துச்சிங்களா தம்பி?"

"ஊரே பாத்துச்சு. இன்னாத்துக்கும்மா இந்த வேல?"

அவள் காலால் செடியை ஒதுக்கினாள். துருப்பிடித்துக் கிழிந்த கம்பிவலை. அதற்கடியில் ஆழம் தெரியாத இருட்டு.

"பந்து எடுக்க வந்த எம்புள்ள இதுலதான் விழுந்து போனான். மூடுங்கன்னு நடையா நடந்தேன், ஒருத்தரும் வரல. பேயின்னதும்தான் புள்ளைங்க இந்தப் பக்கம் வராம இருந்துச்சிங்க."

மைதானத்தில் கூச்சல் கேட்டது. "டேய், பேயே இல்லடா! வாங்கடா!"

"வராதீங்கடா, குழி இருக்கு!" ஏனோக் தொண்டை கிழியக் கத்தினான். கம்பியைப் பிடுங்கி மூன்று முறை அடித்தும் பார்த்தான்.

"இப்ப அண்ணன் பேய் அடிக்குதுடா!"

சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாக ஓடி வந்தார்கள்.