சிவப்புக் குடை

குடை திறக்க மறுத்தது.

புதிதாக வந்த தன்னார்வ ஆசிரியர் அதை உலுக்கினார், குலுக்கினார். நெற்றியெல்லாம் வியர்வை. முதல் வகுப்பிலேயே குடைகூடச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றால் மனுஷன் என்ன செய்வார்?

நான் முதுகுப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பள்ளியில் என் ஒரு வருட முறை முடிந்துவிட்டது. மலைமேல் ஏரிக்குப் போகும் வேன் இப்போது வாசலுக்கு வந்துவிடும். அந்த ஏரியைப் பார்க்காமல் போனால் இந்த நாட்டுக்கு வந்ததே வீண் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

கல்லூரிக்கும் வேலைக்கும் நடுவில் எனக்குக் கிடைத்த வருடம் இது. அம்மா அதைச் சேவை என்று சொல்லிக்கொண்டாள். அப்பா ஊர்சுற்றல் என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பள்ளி நாட்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். லீவு நாட்களில் அருவி, கோட்டை, கடற்கரை என்று கால் போன போக்கில் திரிந்து படம் எடுத்து அனுப்பினேன். அவற்றில் பிள்ளைகள் இருக்கிற படங்களை மட்டும் பொறுக்கி அம்மா சொந்தக்காரர்களுக்கு அனுப்பினாள்.

குடை எங்கள் அமைப்பின் வழக்கம். பயிற்சி முகாமில் எல்லோருக்கும் சொல்வார்கள். முதல் நாள் புத்தகத்தைத் திறக்காதே, குடையைத் திற. திற, மூடு, மேலே, கீழே, சிவப்பு. பாஷை தெரியாத பிள்ளைகளுக்கு அது போதும். போகிறவர் வருகிறவர் கையில் குடையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

முன்வரிசையிலிருந்து வாயாடி எழுந்து போனாள். அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். ஒரு கம்பியை விரலால் சுண்டினாள். படாரென்று குடை விரிந்தது.

"ஓ!" என்றது வகுப்பு.

புதியவர் முகம் மலர்ந்துவிட்டது. சிவப்பு என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். வகுப்பு தட்டுத்தடுமாறித் திருப்பிச் சொன்னது. வாயாடி நாக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, கடைசியில்தான் சரியாகச் சொன்னாள். அவர் கைதட்டினார்.

எனக்குப் பகீரென்றது.

போன வாரம்தான் ஒரு நரிக் கதையை மூச்சுவிடாமல் வாசித்துக் காட்டினாள். எல்லாக் கதையிலும் நரியையே ஏன் கெட்டவனாக்குகிறார்கள் என்று கேட்டு என்னை மடக்கியும் விட்டாள். அதற்குள் எல்லாம் மறந்துவிட்டதா? என் ஒரு வருடம் விழலுக்கு இறைத்த நீரா?

வருகிற பருவத்தில் இவர்களுக்குப் பெரிய பள்ளியின் நுழைவுத் தேர்வு இருக்கிறது. எதிரே உட்காரவைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வார்கள். வாசித்தால் மேல்படிப்பு. இல்லாவிட்டால் வீட்டில் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே வந்து யாரும் குடை விரிக்கப் போவதில்லை.

சத்தமில்லாமல் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னடி இது என்று கண்ணால் கேட்டேன்.

குடையிலிருந்து பார்வையை எடுக்காமல், ஒரு பிழை இல்லாத ஆங்கிலத்தில், நான் கற்றுக்கொடுத்த 'அக்கா' என்ற ஒரே தமிழ்ச் சொல்லையும் சேர்த்து அவள் கிசுகிசுத்தாள்.

"பாவம் அக்கா, அவருக்கு இன்னைக்குத்தான் முதல் நாள். கொஞ்சம் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டுமே."

எதுவும் மறக்கவில்லை. அத்தனை பேரும் நடிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

என் முதல் நாளிலும் குடை திறக்கவில்லை. இவள்தான் எழுந்து வந்தாள். இதே கம்பியைத்தான் சுண்டினாள். வகுப்பு இதே மாதிரி "ஓ" என்றது. பிள்ளைகளுக்குக் கற்பூர புத்தி என்று அன்றைக்கே அம்மாவிடம் போனில் பீற்றிக்கொண்டேன். அந்தப் பூரிப்பில் ஒரு மாதம் நிறங்களிலேயே நின்றேன். எங்களுக்கு இதெல்லாம் தெரியும் என்று ஒரு பிள்ளை வாய் திறக்கவில்லை.

எனக்கு முன்னால் இருந்த தாடிக்காரர் அன்று இதே கடைசி பெஞ்சில் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளைப் பிரிய மனமில்லாமல் அழுகிறார் என்று நினைத்து, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று ஆறுதல் வேறு சொன்னேன். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். அப்படியே எழுந்து போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது.

புதியவரைப் பார்த்தேன். குடைக்கு அடியில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் கை வைக்க எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் தேர்வுக்கு முன்னால் இன்னொரு மாதத்தை நிறங்களில் கழிக்க இவர்களுக்கு நேரமில்லை. ஹாரன் மறுபடியும் அடித்தது.

எழுந்து போய் அவர் கையிலிருந்த குடையை வாங்கி மடக்கினேன். அலமாரியிலிருந்து கதைப் புத்தகத்தை எடுத்து, புதிய கதை ஒன்றைப் பிரித்து வாயாடியின் முன்னால் வைத்தேன். காட்டிக்கொடுத்துவிட்டாயே என்பது போல அவள் என்னை முறைத்தாள். நான் நகரவில்லை. வேன் புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது.

அவள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வாசிக்க ஆரம்பித்தாள். ஒரு பக்கம் முழுக்க வாசித்தாள். எங்கும் திக்கவில்லை. இந்தக் கதையிலும் நரி இருந்தது. முடித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நரி விஷயத்தை அவரிடமும் கேட்டாள்.

அவர் வாயாடியைப் பார்த்தார், மடக்கிய குடையைப் பார்த்தார், பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஓ" என்றார்.